கட்டில் உயர்ந்தபோது

அத்தியாயம் பதினொன்று

தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த பெட்டியில் சின்னப் பச்சை விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டிருந்தது.

அது ஒரு தடவை சிமிட்டினால் ஐவி ரீச்சரின் இதயம் ஒரு தடவை அடிக்கும். சிமிட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்க அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

கொழும்பில் வைத்து ஐவிக்கு வால்வ் மாற்றியிருந்தார்கள். நெஞ்சைத் திறக்கவில்லை. தொடை வழியாகக் குழாய் விட்டு, பழுதான வால்வுக்குள்ளேயே புதியதை விரித்து வைத்துவிட்டார்கள். மறுநாளே எழுந்து நடந்தார். "இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே நில்லுங்கள்" என்று டொக்டர்மார் சொன்னதைக் கேட்காமல், மகன் றொமேஷ் வான் பிடித்துத் தாயைத் திருகோணமலை ஓர்ஸ் ஹில் வீட்டுக்குக் கூட்டிவந்தான். அந்தக் கிழமைக்குள்ளேயே, குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார்.

திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் கழுத்து நரம்பால் மெல்லிய வயர் ஒன்றை இதயத்துக்குள் இறக்கினார்கள். அதன் மற்ற முனையை இந்தப் பெட்டியில் கொழுவினார்கள். நின்றுபோகப் பார்த்த இதயத்தை வெளியிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். தற்காலிகமாக.

அந்தத் தற்காலிகம் எப்போது முடியும் என்பதுதான் மகள் மெலனியைத் தின்றுகொண்டிருந்தது.

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தார்.

"பார்க்கிற நேரம் இன்னும் வரேல்லை."

"டொக்டர் வாற நேரம் இதுதான். அவர் போன பிறகு நான் ஆரைப் பார்க்கிறது?"

"உள்ளுக்கு ஒராள் நிக்கிறார்தானே."

"அவர் என்ர அப்பா. டொக்டர் ஒண்டு சொன்னா அவர் தலையாட்டுவார். பிறகு என்ன சொன்னவர் எண்டு கேட்டா அதுக்கும் தலையாட்டுவார்."

காவலாளிக்குச் சிரிப்பு வந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை. அவர் தேத்தண்ணி குடிக்க அந்தப்பக்கம் திரும்பிய பிறகுதான் மெலனி உள்ளே நுழைந்தாள். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்து ஆட்களைக் காக்கவைத்தே பழகியவள் அவள். காத்திருப்பது என்பது என்னவென்று இந்தக் கிழமைதான் படித்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் இராகுலன் இருதயப் பிரிவின் வாசலில் அகப்பட்டார்.

"பெட்டியின்ர வேகத்தைக் குறைச்சுப் பார்த்தனாங்கள்," என்றார். "அம்மாவின்ர சொந்தத் துடிப்பு எட்டிப் பாக்குது. நிமிசத்துக்கு அம்பதுக்குக் கிட்ட. நேற்றையவிட நல்லம்."

"அப்ப வயரை எடுக்கலாமோ?"

"நாளைக்கும் பாப்பம்."

"நேற்றும் உதைத்தானே டொக்டர் சொன்னனீங்கள்."

அவர் கையிலிருந்த பேனாவை மூடினார். "புது வால்வ் விரிஞ்சு நிக்கிற இடத்துக்குப் பக்கத்தாலதான் இதயத்துக்குக் கரண்ட் போற பாதை. அது நெரிபட்டு வீங்கியிருக்கு. வீக்கம் வத்தினா வயரைக் கழட்டி வீட்ட அனுப்பலாம். வத்தாட்டி நிரந்தரமா ஒரு மெசின் வைக்கவேணும். அதுக்குக் கொழும்பு."

"அதுவரைக்கும் இந்த வயர் கிடக்கட்டுமோ?"

"கன நாளுக்கு ஏலாது. கிருமி தொத்தும். அதோட, இது உள்ளுக்குப் பூட்டிவைச்ச சாமான் இல்லை. சும்மா சாய்ஞ்சு கிடக்குது. இழுபட்டா விலத்திப்போகும்."

"ஒண்டில் எடுங்கோ, இல்லாட்டி கொழும்புக்கு அனுப்புங்கோ. நடுவில வைச்சுக்கொண்டு நாளைக்கு நாளைக்கு எண்டு சொன்னா நாங்கள் என்ன செய்யிறது?"

"நான் முடிவெடுக்கிறது லேசு, மெலனி. அவவின்ர இதயம் இன்னும் எடுக்கேல்லையே."

அவர் போய்விட்டார். அவருடைய பொறுமையே மெலனிக்கு ஆத்திரமாக இருந்தது.

உள்ளே ஐவி முகட்டைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தார். கழுத்தின் வலப்பக்கம் பெரிய பிளாஸ்டர். கட்டிலோடு ஒட்டிய கதிரையில் கணவர் லெஸ்லி. துறைமுகத்தில் டக் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன டக் படகில் நின்றபடி மலைபோன்ற கப்பல்களை இழுத்து ஜெட்டியில் சேர்த்த மனிதருக்கு, இங்கே இழுக்கவும் தள்ளவும் எதுவும் இல்லை. அதனால் காலையிலிருந்து மேசையின் ஆடும் காலுக்குக் கடதாசி மடித்து வைத்தார். தண்ணீர்ப் போத்தல்களை உயர வரிசையில் அடுக்கினார். சேலைன் கம்பியின் அடியில் இருந்த சில்லைத் துடைத்தார்.

"அங்கிள், அதுல கை வெக்காதீங்க," என்று தாதி சப்ரினா இரண்டு தடவை சொல்லிவிட்டாள். கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வருகிறவள். சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள்.

"டொக்டர் என்னவாம்?" என்று ஐவி கேட்டார்.

"நாளைக்கும் பாப்பமாம்."

"அந்தாள் என்ர தையல் வகுப்பில இருந்திருந்தா ஒரு தலையணை உறைக்கு மூண்டு வருசம் எடுத்திருக்கும்." ஐவி கண்ணை மூடினார். "எனக்கு ஒருக்காப் பிரண்டு படுக்கவேணும், பிள்ளை. முதுகு எரியுது."

"பிரளேலாது அம்மா. வயர் விலத்தும்."

"பெட்டி வேற சறுக்குது," என்றார் லெஸ்லி. "அவள் மூச்சு விட்டாலே அங்கால இஞ்சால போகுது."

"சப்ரினா மிஸ்ஸியிட்டச் சொல்லுங்கோ அப்பா. ஒண்டையும் தொடாதையுங்கோ. நான் இவனோட ஒருக்காக் கதைச்சிட்டு வாறன்."

இவன் என்றால் றொமேஷ். வெளி விறாந்தையில் நின்று நான்காம் தடவை அழைத்தபோதுதான் எடுத்தான். பின்னால் எஞ்சின் இரைச்சல்.

"சீமெந்துக் கப்பல் உள்ளுக்கு வருது அக்கா. நான் டக்கில நிக்கிறன். பிறகு எடுக்கிறன்."

"உனக்கு எப்பவும் ஒரு கப்பல் வரும்."

"காலமை வந்து அம்மாவைப் பாத்திட்டுத்தானே வந்தனான்."

"வந்து பாத்திட்டுப் போறதுக்கு அவ என்ன கொடியேத்தமே? நான் இஞ்ச லீவு போட்டு நாள் முழுக்க நிக்கிறன்."

"நிக்கச் சொன்னது ஆர்? மாறி மாறி நிப்பம் எண்டு சொன்னனான். நீதான் எனக்கு ஒண்டும் செய்யத் தெரியாது எண்டனி."

"தெரிஞ்சிருந்தா அவவைக் கொழும்பில விட்டிருப்பாய்."

எஞ்சின் இரைச்சலிலிருந்து அவன் விலகி நடப்பது கேட்டது.

"அவதான் வீட்ட போகவேணும் எண்டு அழுதவ," என்றான் றொமேஷ். "நீ அண்டைக்கு இல்லை. சரி, சொல்லிக் காட்டு. உனக்கு இன்னும் கன காலம் கிடக்கு."

அவன்தான் வைத்தான். மெலனி போனை முறைத்துப் பார்த்தாள்.

மத்தியானச் சாப்பாட்டு வண்டி வந்தது. மெலனி வீட்டிலிருந்து கொண்டுவந்த சூப்பைக் கோப்பையில் ஊற்றினாள்.

"அம்மாவைக் கொஞ்சம் இருத்திவிடுங்கோ," என்று அட்டெண்டனிடம் சொன்னாள். "படுத்துக்கொண்டு குடிச்சாப் புரைக்கேறும்."

அட்டெண்டன் சப்ரினாவைப் பார்த்தார். அவள் அடுத்த கட்டிலில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாள். "கொஞ்சமா ஒசத்துங்க, போதும்," என்றாள் திரும்பாமலே.

அவர் கால்மாட்டில் குனிந்து கைபிடியைச் சுற்றினார். கட்டிலின் தலைப்பக்கம் கிறீச்சிட்டுக்கொண்டு எழும்பியது.

"இன்னும் கொஞ்சம்," என்றாள் மெலனி.

சுற்றினார்.

"இன்னும்."

ஐவியின் தலை உயர்ந்தது. தோள் உயர்ந்தது. பெட்டி உயரவில்லை.

"உதுக்குள்ள உப்புப் போட்டனியோ, இல்லாட்டி ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி..." என்று தொடங்கிய ஐவியின் வாய் அப்படியே நின்றது. கண்கள் மேலே போயின. கோப்பையைப் பிடிக்க நீட்டிய கை மடியில் விழுந்தது.

மானிட்டர் கத்தத் தொடங்கியது.

திரையில் மெல்லிய செங்குத்துக் கோடுகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் எழும்ப வேண்டிய மலை எழும்பவில்லை. பெட்டியில் பச்சை விளக்கு வழமைபோலவே சிமிட்டியது. பெட்டி தன் வேலையைச் செய்தது. அது சொன்னது இதயத்துக்குப் போய்ச் சேரவில்லை.

சப்ரினா ஓடிவந்தாள். "எறக்குங்க. கட்டில எறக்குங்க."

கைபிடி மறுபக்கம் சுழன்றது. அவள் கத்தரிக்கோலை எடுத்து எதையோ வெட்டினாள். பெட்டியின் குமிழைத் திருகினாள். திரையில் மாற்றம் இல்லை. கட்டிலில் முழங்காலை ஊன்றி, இரண்டு கைகளையும் ஐவியின் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். அழுத்தினாள். யாரோ மெலனியை இழுத்துச் சுவரோடு நிறுத்தினார்கள். சூப் அவளுடைய காலில் கொட்டியிருந்தது. சூடு தெரியவில்லை.

டொக்டர் இராகுலன் வந்த வேகத்திலேயே, "இடப்பக்கம் சரியுங்கோ," என்றார்.

சரித்தார்கள்.

கோட்டுக்குப் பின்னால் ஒரு மலை. பிறகு வெறுமை. பிறகு இன்னொரு மலை. பிறகு, மெதுவாக, வரிசையாக.

ஐவி இருமினார்.

"ஆர் என்ர நெஞ்சில ஏறினது?" என்றார்.

வயரைச் சரிப்படுத்த அவரை எக்ஸ்றே அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பயம் விலகிய இடத்தில் மெலனிக்குள் ஆத்திரம் வந்து குந்திக்கொண்டது. வெளியே வந்த சப்ரினாவை எக்ஸ்றே அறை விறாந்தையில் மறித்தாள். அங்கே நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"நீங்கள் அங்கால திரும்பி நிண்டனீங்கள். இஞ்ச ஒரு மனிசி சாகப் பாத்தவ. நான் இதைச் சும்மா விடமாட்டன். மேலிடத்துக்குப் போவன்."

"போங்க," என்றாள் சப்ரினா. அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "போறதுக்கு முன்ன இதையும் பாத்திட்டுப் போங்க."

கையை விரித்தாள். வெட்டி எடுத்த பண்டேஜ் சீலைத் துண்டு. அதில் ஒரு முடிச்சு. இரண்டு சுற்று, மேலே ஒரு மடிப்பு.

"பெட்டிட பட்டியக் கட்டில் சட்டத்தோட இறுக்கிக் கட்டியிருக்கு. கட்டில் தல மேல போக, பெட்டி கீழ நிண்டிரிக்கி. வயர் இழுபட்டுட்டு. இது எங்கட ஆக்கள் போடுற முடிச்சு இல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒசத்தச் சொல்லக்குள்ள நானும் திரும்பிப் பாத்திருக்கோணும். அது என்ட பிழ. இது இல்ல."

மெலனிக்கு அந்த முடிச்சைத் தெரியும். ஓர்ஸ் ஹில் வீட்டில் உடுப்புக் காயும் கயிறு முதல் தண்ணீர்த் தாங்கியின் குழாய் வரை எல்லாம் அதனால்தான் கட்டப்பட்டிருந்தன. அதைப் போடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் காலையில் வந்து போயிருக்கிறான்.

றொமேஷ் இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தான்.

"காலமை வந்த நேரம் பெட்டியைக் கட்டினனியோ?"

"எந்தப் பெட்டி?"

"நடிக்காதை. இழுத்துக் கட்டிப்போட்டுப் போயிருக்கிறாய். அம்மாவின்ர மூச்சு நிண்டு வந்தது. கொழும்பில இருந்து இழுத்துக்கொண்டு வந்தது காணாதெண்டு இதையும் செய்துபோட்டு, கப்பல் பிடிக்கப் போயிட்டாய்."

"அக்கா, நான்..."

"அவனை விடு, பிள்ளை."

லெஸ்லி விறாந்தைக் கதவடியில் நின்றார்.

"நான்தான் கட்டினனான்."

மெலனியின் கை போனோடு கீழே இறங்கியது.

"பெட்டி சறுக்கிக்கொண்டு கிடந்தது," என்றார் லெஸ்லி. "விழுந்தா வயரையும் இழுத்துக்கொண்டு விழும் எண்டு யோசிச்சன். மிஸ்ஸிக்கு வேலை. சும்மா கிடந்த சீலையால கட்டினன்."

"இழுத்தோ கட்டுறது? தளர்வா விடவேணும் எண்டு ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"வேற துறைமுகத்து ஆக்கள் கப்பல் கயித்தைத் தளர்வாத்தான் விடுவினம். அங்க கடல் ரெண்டாள் உயரம் ஏறி இறங்கும். எங்கட கடல் அப்பிடியில்லை, பிள்ளை. ஏறினாலும் ஒரு முழம், இறங்கினாலும் ஒரு முழம். இஞ்ச வேலை படிச்ச எல்லாரும் இறுக்கித்தான் கட்டுவினம். தளர விட்டா மாஸ்டர் பேசுவார்." அவர் தன் செருப்பைப் பார்த்தார். "கட்டில் ஏறும் எண்டு நான் நினைக்கேல்லை."

மெலனி வாயைத் திறந்தாள். அந்தக் கட்டிலை இன்னும் இன்னும் என்று ஏற்றச் சொன்னது யார் என்பது அவளுக்கு நினைவு வந்தது. அதனாலேயே குரல் இன்னும் உரத்தது.

"இது உங்கட டக் இல்லை அப்பா. அம்மா."

எக்ஸ்றே அறைக் கதவு திறந்தது. டொக்டர் இராகுலன் முகக் கவசத்தை இறக்கினார்.

"வயர் இப்ப சரியான இடத்தில கிடக்கு. ஆனா இனி நாளைக்குப் பாப்பம் எண்ட கதை இல்லை," என்றார். "காலமை அம்பது எண்டு சொன்னனான். அதை நம்பேலாது. வயர் விலத்தின நேரம் அவவின்ர இதயம் தன்ரபாட்டில ஒண்டும் தரேல்லை. மிஸ்ஸி ஓடி வந்திருக்காட்டி நான் இப்ப உங்களோட வேற கதை கதைக்கவேண்டி வந்திருக்கும்."

"அப்ப?"

"நிரந்தரமான மெசின்தான். கொழும்போட கதைச்சிட்டன். வால்வ் வைச்ச இடத்திலயே வைக்கட்டும். இண்டைக்கே அனுப்புறம். இந்த வயரை நம்பி இன்னொரு நாள் வைச்சிருக்க நான் விரும்பேல்லை. அம்புலன்ஸில டொக்டர் ஒராள், மிஸ்ஸி ஒராள். வீட்டாக்களில ஒராள்தான் போகலாம்."

"நான் போறன்," என்றார் லெஸ்லி.

"நீங்கள் வரவேண்டாம்," என்றாள் மெலனி. "வழியில இன்னொண்டைக் கட்டி வைப்பீங்கள்."

டொக்டர் வேறுபக்கம் பார்த்தார். லெஸ்லி தலையாட்டினார். எப்போதும் ஆட்டுகிற மாதிரியே.

ஐவியைப் பழைய கட்டிலுக்குக் கொண்டுவந்து கிடத்திய நேரத்தில் கதிரை வெறுமையாக இருந்தது.

"அவர் எங்க?"

"வெளியில நிப்பார். அம்மா, கேளுங்கோ. கொழும்புக்குப் போறம். நான் உங்களோட வாறன்."

"அவரைக் கூப்பிடு."

மெலனி கன்ரீனில் பார்த்தாள். மாதா சொரூபத்தடியில் பார்த்தாள். மருந்து எடுக்கிறவர்களின் வரிசையில் பார்த்தாள். லெஸ்லியின் போன் ஓர்ஸ் ஹில் வீட்டில், சார்ஜில் கிடந்தது. அது எப்போதும் அங்கேதான் கிடக்கும். லிங்கநகரில் அவளுடைய வீட்டுக்குப் போயிருப்பாரோ என்று அங்கேயும் எடுத்துக் கேட்டாள். வரவில்லை.

அம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது. டிரைவர் எஞ்சினைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"அவர் இல்லாம நான் அசையமாட்டன்," என்றார் ஐவி.

"அம்மா, டொக்டர் சொன்னது விளங்குதோ? இந்த வயர் இன்னொருக்கா விலத்தினா..."

"விளங்குது. என்ர நெஞ்சிலதான் ஏறினவை, உன்ர நெஞ்சிலயில்லை. அவரைக் கூப்பிடு."

றொமேஷ் வேலை உடுப்போடு ஓடிவந்தான். கையெல்லாம் கிறீஸ். மெலனியைப் பார்க்காமல் பேசினான்.

"பஸ் ஸ்ராண்டில சஜீத் நிண்டவன். ஓட்டோ ஓடுறவன், தெரியும்தானே. அப்பா கொழும்பு பஸ்ஸில ஏறினதை அவன் கண்ணால கண்டிருக்கிறான்."

"கொழும்பு பஸ்ஸோ?"

"நீ அம்புலன்ஸில வரவேண்டாமெண்டனி. பஸ்ஸில வரவேண்டாமெண்டு சொல்லேல்லைத்தானே." இப்போதுதான் அவளைப் பார்த்தான். "நான் போனில கேட்டுக்கொண்டுதான் நிண்டனான். நீ கட் பண்ண மறந்திட்டாய்."

மெலனிக்கு முகம் சுட்டது.

"பஸ் வெளிக்கிட்டு அரை மணித்தியாலம் இருக்கும்," என்றான் றொமேஷ். "ஹபரணையில தேத்தண்ணிக்கு நிப்பாட்டுவாங்கள். நான் மோட்டார்சைக்கிள்ல முன்னால போய் அப்பாவை இறக்கி வைக்கிறன். அம்புலன்ஸ் அங்க ஏத்தட்டும். அம்மாவிட்ட சொல்லு."

"நீ சொல்லு."

"நீ சொல்லவேண்டியதை நான் சொல்லேலாது, அக்கா."

அவன் போய்விட்டான். மெலனி கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கச்சேரியில் இவ்வளவு நாளும் எத்தனையோ பேர் அவளுக்கு முன்னால் இப்படி நின்றிருக்கிறார்கள்.

"அம்மா. பெட்டியைக் கட்டினது அப்பா. அதுக்கு நான் பேசிப்போட்டன். வரவேண்டாமெண்டும் சொல்லிப்போட்டன். அவர் பஸ்ஸில கொழும்புக்குப் போறார். றொமேஷ் ஹபரணையில அவரை இறக்கி வைப்பான், அங்க இந்த அம்புலன்ஸில ஏத்தலாம்."

ஐவி முகட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"கட்டினது எனக்குத் தெரியும்," என்றார். "கட்டேக்க நான் முழிச்சுக்கொண்டுதான் கிடந்தனான். இப்பத்தான் நிம்மதியா இருக்கு எண்டு நானும் சொன்னனான். அப்ப என்னையும் பேசு."

மெலனி கட்டில் விளிம்பைப் பிடித்தாள்.

"கட்டிலை ஏத்தச் சொன்னது ஆர்?" என்று ஐவி கேட்டார்.

"நான்."

"சரி. அப்ப மூண்டு பேரும் சேர்ந்துதான் செய்திருக்கிறம். வண்டியில ஏத்தச் சொல்லு."

தள்ளுகட்டிலை அம்புலன்ஸுக்குள் ஏற்றினார்கள். பெட்டி இப்போது ஐவியின் நெஞ்சிலேயே ஒரு பையில் கிடந்தது; உடம்போடு சேர்ந்து ஏறி இறங்கியது. பக்கத்தில் ஒரு இளம் டொக்டர். கூடப் போகும் தாதி சப்ரினாதான். மெலனி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் காலை வைத்தாள்.

"நீ எங்க ஏறுறாய்?" என்றார் ஐவி.

"அம்மா, நான் வராம..."

"ஒரு கதிரைதானே கிடக்கு. நீ இருந்தா ஹபரணையில அவர் எங்க இருக்கிறது? இறங்கு."

"அதுவரைக்கும் உங்களோட வீட்டாக்கள் ஒருத்தரும் இல்லையே."

"மிஸ்ஸி இருக்கிறா."

மெலனி சப்ரினாவைப் பார்த்தாள். மற்ற எந்தத் தாதியாக இருந்திருந்தாலும் பேசுவது லேசாக இருந்திருக்கும்.

"மிஸ்ஸி, மத்தியானம் நான் கதைச்சது..."

"அதப் பொறகு பாப்பம்," என்றாள் சப்ரினா. "இப்பக் கதவ விடுங்க, அக்கா."

மெலனி கதவை விட்டாள். வெறும் கதிரையை ஏற்றிக்கொண்டு அம்புலன்ஸ் வீதியில் திரும்பியது.

தாயின் கட்டிலில் மிச்சமாகக் கிடந்த போர்வை, சூப் போத்தல், செபமாலை எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வர நேரம் எடுத்தது. காவலாளி கதிரையைத் தள்ளிவைத்தார். அவள் இருக்கவில்லை. றொமேஷ் எடுப்பான் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தாள். இன்றைக்கு ஒரு வேலையாவது அவள் நினைத்த மாதிரி முடியவேண்டும்.

வீதிக்கு அந்தப்பக்கம் ஒரு பஸ் நின்றுவிட்டுப் போனது. இறங்கிய ஆள் வாகனங்களைப் பார்த்துப் பார்த்து வீதியைக் கடந்தார்.

லெஸ்லி.

மெலனிக்கு ஒரு நிமிடம் கண்ணை நம்ப முடியவில்லை.

"அப்பா. நீங்கள் கொழும்பு பஸ்ஸில எல்லோ..."

"ஏறினனான்." அவர் வாசலடியில் நின்று மூச்சை எடுத்தார். "தம்பலகாமம் சந்தியில இறங்கிட்டன். அவளிட்டச் சொல்லாமப் போய்க் கொழும்பில எப்பிடிப் பக்கத்தில நிக்கிறது? நான்தான் கட்டினனான் எண்டு ஒரு சொல் சொல்லிப்போட்டு, பிறகு நீ சொல்லுற மாதிரிச் செய்வம் எண்டு திரும்பி வந்தனான்." உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னும் வெளிக்கிடேல்லைத்தானே?"

மெலனி அம்புலன்ஸ் போன வீதியைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாற வழியில ஒரு அம்புலன்ஸ் எதிர்ப்பட்டுது," என்றார் லெஸ்லி. "ஆரின்ரயோ பெண்சாதி பிள்ளை, பாவம் எண்டு சிலுவை போட்டனான்."

சொல்லி முடித்த பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். அவருடைய கை நெற்றிப் பக்கமாக எழும்பி, பாதியில் நின்றது.

போன் அடித்தது. சப்ரினா.

"அக்கா, கந்தளாயத் தாண்டிட்டம். ரீச்சர் நல்லா இரிக்காங்க. தம்பி பஸ்ஸப் புடிச்சிட்டாரா எண்டு கேட்டுக் கேட்டு ஒரு இடத்தில கிடக்கிறாங்க இல்ல. அசையக் கூடாது எண்டா கேக்கிறாங்களும் இல்ல. என்ன சொல்ல?"

பின்னால் ஐவியின் குரல் கேட்டது. "அவர் வராட்டி ஹபரணையைத் தாண்டேலாது எண்டு சொல்லுங்கோ. நான் இறங்கிப்போவன்."

மெலனி போனைத் தகப்பனிடம் நீட்டினாள்.

"உண்மையைச் சொல்லாதையுங்கோ," என்றாள் மெல்லமாக. "பஸ்ஸில எண்டு சொல்லுங்கோ. அவ அமைதியாப் போகட்டும்."

லெஸ்லி போனைக் காதில் வைத்தார். ஒரு உண்மையைச் சொல்வதற்காகவே பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தவர்.

"ஐவி."

"எங்க நிக்கிறியள்? பஸ் சத்தம் ஒண்டையும் காணேல்லை."

அவர் மகளைப் பார்த்தார். வீதியைப் பார்த்தார்.

"வந்துகொண்டிருக்கிறன், ஐவி," என்றார். "நீ அசையாமக் கிட."

சொன்னதைப் பொய்யாக்கக் கூடாது என்பதுபோல் அவருடைய கால்கள் நடக்கத் தொடங்கிவிட்டன. போனைக் காதில் வைத்தபடியே, கொழும்புப் பக்கமாக, வீதியோரமாக.

மெலனி பையையும் தூக்கிக்கொண்டு வீதியின் நடுவில் போய்க் கையை விரித்தாள். வெள்ளை வான் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. மீன் பெட்டிகளின் மணம் அடித்தது.

"என்ன அக்கா, சாகவோ பாக்கிறீங்கள்?" என்றார் டிரைவர். "நான் மற்றப் பக்கம், குச்சவெளிக்குப் போறன்."

"திருப்புங்கோ," என்றாள் மெலனி. அவள் ஏற்கெனவே கதவைத் திறந்திருந்தாள்.